நிமிர்த்தக்கூடிய இரும்பு

கியூபாவைப் பற்றிய எந்தப் புகைப்படத் தொகுப்பைப் புரட்டினாலும் ஓரிரு பக்கங்களுக்குள் ஐம்பதுகளின் அமெரிக்கக் கார் ஒன்று வந்து நின்றுவிடுகிறது. வெளிர்நீலச் செவர்லே, சிவப்பு பிளிமத், பின்புறம் மீன்துடுப்புப் போல உயர்ந்த டாட்ஜ். காலம் உறைந்துபோன தீவு என்று அதன்கீழே எழுதிவிடுவது பயண எழுத்தாளர்களுக்கு வழக்கமாகிவிட்டது. உறைந்தவை ஓடுவதில்லை, இந்தக் கார்கள் ஓடுகின்றன. ஓடுகிறவை மோதவும் செய்யும். மோதி, முகம் நசுங்கி, முதுகு கோணிய காரை அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக யாரோ ஒருவர் தம் வீட்டு முற்றத்தில் நிமிர்த்திக்கொண்டே இருக்கிறார். வண்ணப் படங்களில் இடம்பெறாத அந்த வேலையின் வரலாற்றைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம்.

1959 ஜனவரியில் புரட்சி வென்றது. 1960 அக்டோபரில் உணவும் மருந்தும் தவிர்த்த ஏற்றுமதிகளை அமெரிக்கா தடைசெய்தது. 1962 பிப்ரவரியில் தடை முழுமையானது. புதிய காருடன் உதிரிப்பாகமும் நின்றுபோயிற்று. கதையின் மறுபாதி கியூப அரசின் கையில் இருந்தது. பின்னாளில் சோவியத் நாட்டிலிருந்து வந்த லாடாவும் மாஸ்க்விச்சும் பதவிக்கும் தகுதிக்கும் ஏற்ப ஒதுக்கப்பட்டன. சாதாரணக் குடிமக்கள் தமக்குள் தடையின்றி விற்று வாங்க முடிந்தவை புரட்சிக்கு முந்தைய கார்கள் மட்டுமே. இந்த விதி 2011வரை நீடித்தது. 2014இல் புதிய கார் விற்பனைக்கு வந்தபோது பியூஜோ 508க்குக் குறிக்கப்பட்ட விலை ஏறத்தாழ 2,62,000 டாலர். அரசுச் சம்பளமோ மாதம் இருபது டாலருக்குச் சற்று மேலே இருந்த நாடு அது.

பிற நாடுகளில் விபத்துக்குள்ளான பழைய காரைக் காப்பீட்டு நிறுவனம் 'மொத்த இழப்பு' என்று எழுதி மூடிவிடுகிறது. பழுதுச் செலவு காரின் விலையைத் தாண்டிவிடும் என்பதே அதன் பொருள். மாற்றுக் கார் கிடைக்காத இடத்தில் இந்தக் கணக்குக்கே அர்த்தமில்லை. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்து பஞ்சகாலம் தொடங்கியபின், பழைய கார் வெறும் உடைமையாக இல்லாமல் பிழைப்பாகவும் ஆயிற்று. ஒரே தடத்தில் பலரை ஏற்றிச்செல்லும் வாடகைக் காராக அது ஓடியது. அல்மெந்த்ரோன் என்பது அதற்கு மக்கள் இட்ட பெயர். பெரிய வாதுமைக்கொட்டை என்று பொருள். அந்த வண்டி ஒருநாள் நின்றால் வீட்டில் ஒருநாள் வருமானம் நின்றது.

இந்த வேலையைச் செய்பவருக்கு அங்கே சாப்பிஸ்தேரோ என்று பெயர். தகடு தட்டுபவர், நம்மூர் டிங்கரிங் மேஸ்திரி. பெரும்பாலும் வீட்டு முற்றமோ வாசல் தெருவோதான் அவருடைய பட்டறை. அவருடைய திறமையைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. கியூப வடிவமைப்பாளர் எர்னெஸ்டோ ஒரோஸா இத்தகைய புழக்கடைக் கண்டுபிடிப்புகளைச் சேகரித்து, 'தொழில்நுட்பக் கீழ்ப்படியாமை' என்று அவற்றுக்குப் பெயரிட்டார். பொருத்தமான பெயர்தான். ஆனால் கை மட்டும் கீழ்ப்படிய மறுத்தால் போதாது. எதிரே இருக்கும் இரும்பும் அதற்கு இடங்கொடுக்க வேண்டும். இந்த இடத்தில்தான் காரின் உடற்கூறு வரலாற்றுக்குள் வருகிறது.

ஐம்பதுகளின் அமெரிக்கக் கார், அடிப்படையில், குதிரை வண்டியின் வாரிசு. கீழே சேஸிஸ்: நீளவாக்கில் இரண்டு கனத்த எஃகுச் சட்டங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள், ஏறக்குறைய ஓர் ஏணி. எஞ்சினும் அச்சும் சக்கரமும் அதைச் சார்ந்தவை. உடற்கூடு தனியாகச் செய்யப்பட்டு, இடையில் ரப்பர் துண்டுகள் வைத்து, அதன்மேல் போல்ட்டால் முடுக்கப்பட்டது. முன் மட்கார்டும் பானெட்டும்கூடக் கழற்றி எடுக்கக்கூடியவையே. ஆகவே மோதிய காரை அடுக்கடுக்காகப் பிரிக்கலாம். எலும்பைத் தனியாகவும் தோலைத் தனியாகவும் பார்க்கலாம்.

எலும்பு கோணியிருக்கிறதா என்பதை அறிய நூலே போதும். சேஸிஸில் இடமும் வலமும் ஒத்த துளைகள் இருக்கும். அவற்றிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, சிமெண்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் புள்ளியிட்டு, வண்டியை நகர்த்திவிட்டால் காரின் வரைபடம் தரையில் கிடைத்துவிடும். எதிரெதிர் மூலைகளுக்கு நூல் பிடிக்க வேண்டும். இரு மூலைவிட்டங்களும் சமமாக இருந்தால் சட்டம் செவ்வகம். ஒன்று நீண்டிருந்தால் சாய்சதுரமாகிவிட்டது என்று அறியலாம். வீட்டுக்கு அஸ்திவாரக் கயிறு கட்டும் கொத்தனார் செய்வதும் இதுதான். தொழிற்சாலையின் அளவுக் குறிப்பேடு கையில் இல்லாவிட்டாலும் காரின் ஒரு பாதி மறுபாதிக்குச் சாட்சி சொல்லும்.

அடுத்தது இழுப்பு. காரின் ஒரு முனையை மரத்தோடோ புதைத்த தூணோடோ சங்கிலியால் பிணைக்க வேண்டும். மறுமுனையைச் சங்கிலிக் கப்பியால் இழுக்கலாம். இரு சட்டங்களுக்கிடையே லாரி ஜாக்கியைப் படுக்கவைத்து உந்தியும் தள்ளலாம். கேட்பதற்கு எளிது. ஆனால் எஃகுக்குச் சில குணங்கள் உண்டு. விசையை எடுத்ததும் அது சற்றுப் பின்வாங்கும். எனவே நேராகும் இடத்தையும் கடந்து கொஞ்சம் இழுத்து, பின்வாங்கியபின் நேராக நிற்கும்படி விட வேண்டும். எவ்வளவு கடந்து என்பதைப் பழகிய கைதான் அறியும். இரண்டாவது குணம் இன்னும் நுட்பமானது. மடிந்த இடத்தில் எஃகு முன்னைவிடக் கடினமாகிவிடுகிறது. வெறுமனே இழுத்தால் மடிப்பு அசையாது. பக்கத்தில் நன்றாயிருந்த இடம் வளைந்து கோணல் இரண்டாகிவிடும். ஆகவே இழுவையில் வைத்துக்கொண்டே மடிப்பின்மேல் சுத்தியலால் தட்டுகிறார்கள். தேவைப்பட்டால் மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்குகிறார்கள். அக்காலச் சேஸிஸ் கரிமம் குறைந்த சாதாரண மென்னெஃகு என்பதால் அளவான சூட்டைப் பெரிதும் பொறுத்துக்கொண்டது. வரம்பு மீறினால் அதுவும் வலுவிழக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு. கடைசியில் விழுந்த நசுக்கலை முதலில் எடுக்க வேண்டும். மோதல் ஒரு நொடியில் முடிந்துவிட்டாலும் அதற்குள் ஒரு வரிசை இருக்கிறது. பம்பர் உள்ளே போனது, அது சட்டத்தைத் தள்ளியது, சட்டம் குறுக்குச் சட்டத்தை முறுக்கியது, கடைசியில் கதவின் மேல்மூலையில் ஒரு சுருக்கம் விழுந்தது. அந்த வரிசையைத் தகட்டில் படித்து, முடிவிலிருந்து தொடக்கத்துக்குத் திரும்பி நடக்க வேண்டும். ஆழமான குழியை முதலில் குறடால் பிடித்து இழுப்பவன் தகட்டைக் கிழிக்கிறான்.

எலும்பு நேரானபின் தோல். உள்ளே டாலி எனும் கையடக்க இரும்புக்கட்டி, வெளியே சுத்தியல், நடுவே தகடு. டாலி கிடைக்காத இடத்தில் ரயில் தண்டவாளத் துண்டும் அந்த வேலையைச் செய்யும். அடி வாங்கிய தகடு விரிந்து தளர்ந்திருந்தால், நாணய அளவு இடத்தைச் சிவக்கச் சூடாக்கி, தட்டி, ஈரத்துணியால் ஒற்றுகிறார்கள். குளிரும்போது அது சுருங்கி இறுகுகிறது. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடித்த தகடு இத்தகைய சிகிச்சையைப் பலமுறை தாங்கும்.

இனி ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். சேஸிஸ் இல்லாமல் உடற்கூடே எலும்பாக நிற்கும் மோனோகாக் முறை ஐரோப்பாவில் முன்பே வந்துவிட்டது; 1922இன் லான்சியா லாம்டாவும் 1934இன் சிட்ரோயன் டிராக்சியன் அவாந்தும் அதன் முன்னோடிகள். அமெரிக்காவில் நாஷ் போன்ற சிலர் தவிரப் பெரும் நிறுவனங்கள் தயங்கின. 1960ஆம் ஆண்டு மாடல்களில் கிரைஸ்லர் தன் கார்களில் பெரும்பாலானவற்றை அம்முறைக்கு மாற்றியது. ஃபோர்டின் ஃபால்கனும் செவர்லேயின் கார்வேரும் அதே ஆண்டு மாடல்களாக அப்படியே பிறந்தன. பெருங்கார்களில் சேஸிஸ் இன்னும் பல காலம் நீடித்தது உண்மை. எனினும் திருப்பம் அங்கேதான் நிகழ்ந்தது. கியூபாவின் கதவு மூடியதும் அதே 1960இல்.

தற்செயல்தான்; ஆனால் விளைவுள்ள தற்செயல். சங்கிலியும் ஜாக்கியும் கொண்டு நிமிர்த்தத்தக்க தலைமுறை கியூபாவுக்கு உள்ளே அகப்பட்டுக்கொண்டது. மோனோகாக் உடலில் ஓரிடத்தில் இழுத்தால் விசை எங்கெங்கோ பரவும். பல புள்ளிகளில் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். லாடாக்களையும் கியூபர்கள் நிமிர்த்தினார்கள்தான். ஆனால் அதன் மெல்லிய கூட்டில் துரு ஏறிய இடமெல்லாம் எலும்பும் சேர்ந்தே கரைந்தது.

இந்த வரலாற்றை இத்துடன் நிறுத்தினால் அது வெறும் புகழுரையாகிவிடும். நிமிர்த்தக்கூடிய காருக்குள் மனிதன் உட்கார்ந்திருக்கிறான். பேலா பாரெனி என்ற பொறியாளர், காரின் நடுக்கூடு உறுதியாகவும் முன்னும் பின்னும் நசுங்குவதாகவும் இருக்க வேண்டும் என்ற கருத்துக்கு 1952இல் காப்புரிமை பெற்றார். 1959இல் அது மெர்சிடிஸ் காராகச் சாலைக்கு வந்தது. மோதலின் ஆற்றலை எங்காவது செலவழித்தாக வேண்டும். இரும்பு நசுங்கி அதை ஏற்காவிட்டால் உள்ளே இருப்பவர் ஏற்க நேரும். 2009இல் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் கழகம் 1959ஆம் ஆண்டுச் செவர்லே பெல் ஏர் ஒன்றையும் 2009ஆம் ஆண்டுச் செவர்லே மாலிபு ஒன்றையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதவிட்டது. பழைய காரின் இரும்பு கனமானது, அதுவே வெல்லும் என்று நம்பியவர்கள் பலர். பெல் ஏரின் பயணிக்கூடு உள்நோக்கிச் சரிந்தது. அதில் மனிதன் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டான். மாலிபுவின் ஓட்டுநருக்குக் காலில் காயம் ஏற்பட்டிருக்கும், அவ்வளவே.

புதிய கார் பழுதுபார்க்க முடியாததாக ஆனதற்கு வணிகத் தந்திரம் மட்டுமே காரணமல்ல. ஒருமுறை நசுங்கி உயிரைக் காப்பதற்கென்றே அதன் முன்பகுதி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அதன் உயர்வலிமை எஃகைச் சூடாக்கினால் வலு போய்விடும். நிமிர்த்துவதைவிட வெட்டி மாற்றுவதே முறை. முற்றத்தில் நிமிர்த்திய பழைய சேஸிஸோ நேராகத் தெரியும். எத்தனை முறை மடிந்து நிமிர்ந்தது என்பதைச் சாயம் பூசியபின் யாரும் காண முடியாது. அதில் ஏறிச்சென்ற பயணிகளுக்கும் அது தெரியாது. தெரிந்திருந்தாலும் அவர்களுக்கு வேறு வண்டி இல்லை.

ஆகவே வறுமையைக் கலையாக்கி மகிழும் பார்வை எனக்கு உவப்பானதல்ல. சாப்பிஸ்தேரோவின் திறமை இல்லாமையின் பிள்ளை. வழி இருந்திருந்தால் அவரும் புதிய மட்கார்டு ஒன்றை வாங்கிப் பொருத்தியிருப்பார். அதே சமயம், ஒரு பொருளுக்கு நேர்ந்ததைப் பின்னோக்கிப் படித்து அதன் பழைய வடிவத்தை மீட்பதும் ஓர் அறிவுதான். அது பெரும்பாலும் எழுதப்படாமல் கையிலிருந்து கைக்கே வந்தது. கார்கள் அருங்காட்சியகத்தை அடையும். தரையில் சுண்ணக்கட்டியால் இட்ட புள்ளிகள் அடுத்த மழையில் அழிந்துபோகும். வரலாறு எழுதுபவர்கள் முதலில் போய்ப் பார்க்க வேண்டியது அந்தப் புள்ளிகளைத்தான்.