சர்வதேசியம் என்னும் அறம்

கணியன் பூங்குன்றனாரின் புறப்பாட்டைப் பயின்ற நாம், உலகோரை உறவாகக் காணும் எண்ணம் நமக்குப் பழையது என்று பெருமை கொள்கிறோம். அப்பெருமை தக்கதே. ஆயினும் சர்வதேசியம் என்னும் அரசியற் கொள்கை அவ்வுணர்வினின்று சற்றே வேறானது. ‘சர்வதேச’ என்று நாம் பெயர்த்து வழங்கும் ஆங்கிலச் சொல்லை 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆக்கியவர் ஜெரமி பெந்தாம். நாடுகளுக்கு இடையிலான சட்டத்தைக் குறிக்கவே அதனை அவர் படைத்தார். ‘இடையே’ என்றால் இரு தேசங்கள் இருந்தாக வேண்டும். எனவே சர்வதேசியம் தேசங்களை மறுப்பதன்று. பிற தேசத்தாரின் உரிமையைத் தம் உரிமைபோல் மதிப்பது.

இதனை இயக்கமாக்க முனைந்தவர்கள் ஐரோப்பியத் தொழிலாளர்கள். 1864இல் லண்டனில் முதல் அகிலமும், 1889இல் பாரிசில் இரண்டாம் அகிலமும் தோன்றின. 1904இல் ஆம்ஸ்டர்டாம் மாநாடு கூடியபோது ரஷ்யாவும் ஜப்பானும் போரில் இறங்கியிருந்தன. ரஷ்யரான பிளெகானவும் ஜப்பானியரான கதயாமாவும் மேடையில் கைகுலுக்கினர். அதே அவையில், எண்பதை நெருங்கிய தாதாபாய் நவுரோஜி இந்தியாவின் வறுமையை எடுத்துரைத்தார்.

மூன்றாண்டுகளுக்குப் பின், 1907 ஆகஸ்டில், ஸ்டுட்கார்ட் மாநாட்டில் பிகாஜி காமா அம்மையார் இந்தியாவின் மூவண்ணக் கொடியை விரித்துக் காட்டினார். ஆனால் அம்மாநாட்டிலேயே, காலனி ஆட்சி எல்லாக் காலத்திலும் தீயதன்று, பொதுவுடைமை ஆட்சியில் அது நாகரிகம் வளர்க்கக் கூடும் என்று வாதிட்டோரும் இருந்தனர். அக்கருத்து 127 வாக்குகளுக்கு 108 என்ற கணக்கிலேயே தோற்றது. உலகத் தொழிலாளரின் ஒற்றுமையைப் போற்றிய அவையிலும் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அடிமை நாடுகளின் விடுதலை ஐயத்திற்குரியதாக இருந்தது! தம் நாட்டின் ஆதாயம் குறுக்கிடும் இடத்தில் கொள்கை தளர்வதை நாம் இங்கே காண்கிறோம்.

1914இல் அத்தளர்ச்சி வீழ்ச்சியாயிற்று. போரைத் தடுக்கப் பாடுபட்ட ழான் ழொரேஸ் ஜூலை 31இல் பாரிசில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 4இல் ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சியினர் நாடாளுமன்றத்தில் போர்க் கடனுக்கு வாக்களித்தனர். டிசம்பரில் மீண்டும் வாக்கெடுப்பு வந்தபோது எதிர்த்து வாக்களித்தவர் கார்ல் லீப்னெக்ட் ஒருவரே. ஆயினும் அந்த ஒற்றை வாக்கில் கொள்கை உயிர்த்திருந்தது.

நம் நாடும் இக்கொள்கைக்குத் தன் பங்கைச் செலுத்தியுள்ளது. ஜப்பானின் படையெடுப்பால் சீனம் துன்புற்ற 1938இல், இந்தியத் தேசிய காங்கிரஸ் அங்கு மருத்துவர் ஐவரை அனுப்பியது. அன்று நாமே அடிமைகள்! அவருள் ஒருவரான சோலாப்பூர் துவாரகாநாத் கோட்னிஸ், அங்கேயே பணியாற்றி, 1942இல் தம் 32ஆம் வயதில் மறைந்தார். 1962இல் இரு நாடுகளும் போரிட்டன என்பது உண்மையே. அதனால் அவருடைய தொண்டு பொய்யாகிவிடவில்லை.

பிறந்த மண்ணை விட்டு, பிற மொழியாரிடையே வாழும் நமக்கு இவ்வரலாறு ஒன்றை உணர்த்துகிறது. நம் குழந்தைகளுக்குத் தமிழ் வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. அண்டை வீட்டார் தம் மொழிக்காக அதையே கேட்கும்போது, நமக்குச் சிறிது இழப்பு நேரினும், அவர் பக்கம் நிற்பதே அறம். இழப்பில்லாத இடத்தில் உலகநேயம் பேசுதல் எளிது. இழப்பு நேரும் இடத்திலேயே அதன் மாற்றறியப்படும்.