உத்யம் சான்றிதழ் இருந்தால் அரசு ஆர்டர் கிடைத்துவிடுமா? டெண்டர் போடும் முன் சிறு தொழில் செய்வோர் தெரிந்துகொள்ள வேண்டியவை!

பேனா, பெஞ்சு, பல்பு, பினாயில் என அரசு வாங்காத பொருளே கிடையாது. ரயில்வே, பாதுகாப்புத் துறை, எண்ணெய் நிறுவனங்கள், வங்கிகள் எல்லாம் ஆண்டு முழுக்க டெண்டர் விட்டுக்கொண்டே இருக்கின்றன. ஆனால், பத்து பேர் வேலை பார்க்கும் ஒரு பட்டறை அந்த டெண்டருக்குள் நுழைவது சாதாரண விஷயமா? வைப்புத் தொகை கட்ட வேண்டும், முன் அனுபவம் காட்ட வேண்டும், பெரிய கம்பெனிகளின் விலையோடு மோத வேண்டும்.

இந்த மூன்று தடைகளையும் ஓரளவு தளர்த்துவதற்காகத்தான் சிறு தொழில்களுக்கான சான்றிதழ்கள் இருக்கின்றன. எந்தச் சான்றிதழ் எதற்கு உதவும்? எங்கே உதவாது? விரிவாகப் பார்க்கலாம்.

உத்யம் பதிவு: முதல் படி

எல்லாவற்றுக்கும் அடித்தளம் உத்யம் பதிவு. இது 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முன்பிருந்த உத்யோக் ஆதார் முறைக்குப் பதிலாக வந்தது. ஆதார் எண், பான் எண் இருந்தால் ஆன்லைனிலேயே பதிவு செய்துகொள்ளலாம். ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாக உள்ள நிறுவனங்கள் ஜிஎஸ்டி எண்ணையும் தர வேண்டும்.

இதற்குக் கட்டணம் ஒரு ரூபாய்கூட கிடையாது. ஆனால், அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டி ஆயிரக்கணக்கில் பணம் கேட்கும் தனியார் இணையதளங்கள் நிறைய. பதிவுக்குப் பணம் கேட்டாலே அது அரசுத் தளம் இல்லை என்று புரிந்துகொள்ளலாம்.

குறு, சிறு, நடுத்தரம்: யார் எந்தப் பிரிவு?

2025 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள வரம்புகள் இவை:

• குறு நிறுவனம்: இயந்திர முதலீடு ரூ.2.5 கோடி வரை, ஆண்டு விற்றுமுதல் ரூ.10 கோடி வரை
• சிறு நிறுவனம்: முதலீடு ரூ.25 கோடி வரை, விற்றுமுதல் ரூ.100 கோடி வரை
• நடுத்தர நிறுவனம்: முதலீடு ரூ.125 கோடி வரை, விற்றுமுதல் ரூ.500 கோடி வரை

இரண்டில் ஏதாவது ஒன்று வரம்பைத் தாண்டினாலும் நிறுவனம் அடுத்த பிரிவுக்குப் போய்விடும்.

இதில் ஒரு முக்கியமான விஷயம். மூன்று பிரிவினருமே உத்யம் பதிவு செய்யலாம். ஆனால் அரசுக் கொள்முதல் சலுகை குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டும்தான். நடுத்தர நிறுவனத்துக்குக் கிடையாது. அதே நேரம், வளர்ந்து மேல் பிரிவுக்குப் போன நிறுவனத்துக்கு வரி அல்லாத சலுகைகள் 3 ஆண்டுகள் வரை தொடரும் என 2022-ல் அறிவிக்கப்பட்டது. எனவே, 'வளர்ந்தால் சலுகை போய்விடுமே' என்று விற்பனையைக் குறைத்துக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை.

25 சதவீத விதி என்ன சொல்கிறது?

குறு, சிறு நிறுவனங்களுக்கான பொதுக் கொள்முதல் கொள்கை ஆணை 2012-ல் வெளியானது. இதன்படி மத்திய அமைச்சகங்கள், துறைகள், பொதுத்துறை நிறுவனங்கள் ஒவ்வோர் ஆண்டும் தங்கள் கொள்முதலில் குறிப்பிட்ட பங்கை இந்த நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். 2015 முதல் 20 சதவீதம் கட்டாயமாக இருந்தது. 2019 ஏப்ரல் முதல் அது 25 சதவீதமாக உயர்ந்தது.

இந்த 25 சதவீதத்துக்குள்ளேயே 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு. 3 சதவீதம் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு. கூட்டு நிறுவனம் அல்லது பிரைவேட் லிமிடெட் என்றால், குறைந்தது 51 சதவீதப் பங்கு அவர்கள் பெயரில் இருக்க வேண்டும்.

இதுபோக, குறு, சிறு நிறுவனங்களிடம் மட்டுமே வாங்க வேண்டும் என்று 358 பொருட்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. முள்கம்பி, வாளி, பிரஷ், குடை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. தான் தயாரிக்கும் பொருள் அதில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

டெண்டரில் கையில் கிடைக்கும் சலுகைகள்

முதலாவது, டெண்டர் ஆவணம் இலவசம்.

இரண்டாவது, இஎம்டி எனப்படும் முன்வைப்புத் தொகையில் விலக்கு. மத்திய அரசு விதிகளின்படி இந்தத் தொகை மதிப்பீட்டில் 2 முதல் 5 சதவீதம் வரை இருக்கும். ஒரு கோடி ரூபாய் டெண்டர் என்றால் 2 லட்சம் முதல் 5 லட்சம் வரை முடங்கும். நாலு டெண்டர் போட்டால் சின்ன கம்பெனியின் கைமுதலே காலி. அந்தப் பணம் முடங்காமல் இருந்தால் அதில் மூலப்பொருள் வாங்கலாம், சம்பளம் போடலாம். சிறு நிறுவனங்களுக்கு உடனடியாகத் தெரியும் பலன் இதுதான்.

மூன்றாவது, முன் அனுபவம், விற்றுமுதல் நிபந்தனைகளில் தளர்வு. ஆனால் இது தானாகக் கிடைக்கும் உரிமை இல்லை. பொருளின் தரமும் தொழில்நுட்ப அளவும் சரியாக இருந்தால் மட்டுமே தரப்படும். பொதுப் பாதுகாப்பு, சுகாதாரம் சம்பந்தப்பட்ட பொருட்களில் தளர்வு தராமல் இருக்கவும் துறைகளுக்கு அனுமதி உண்டு.

நான்காவது, விலையில் இரண்டாவது வாய்ப்பு. எல்லோரும் பேசுவது இதைப் பற்றித்தான். பலருக்கும் சரியாகப் புரியாததும் இதுதான்.

15 சதவீதக் கணக்கு: ஒரு உதாரணம்

மத்திய பொதுத்துறை நிறுவனம் ஒன்று 2,000 எல்இடி தெருவிளக்குகளுக்கு டெண்டர் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரிய கம்பெனி ஒன்று விளக்குக்கு ரூ.5,000 என்று மிகக் குறைந்த விலை கொடுக்கிறது. டெண்டர் மொழியில் இந்த விலைக்குப் பெயர் 'எல்-1'.

அதே டெண்டரில் ஒரு சிறு நிறுவனம் ரூ.5,600 என்று விலை போட்டிருக்கிறது. சாதாரணமாக அதோடு கதை முடிந்தது. ஆனால் உத்யம் பதிவு இருப்பதால் முடியவில்லை. எல்-1 விலைக்கு மேல் 15 சதவீதம், அதாவது ரூ.5,750-க்குள் விலை போட்டிருந்தால் அந்த நிறுவனத்துக்கு ஒரு வாய்ப்பு தரப்படும். 'ரூ.5,000-க்கே தருகிறீர்களா?' என்று கேட்பார்கள். சரி என்றால், மொத்த ஆர்டரில் 25 சதவீதம், அதாவது 500 விளக்குகள் வரை அந்த நிறுவனத்துக்கு ஒதுக்கப்படும். மதிப்பு ரூ.25 லட்சம். பல சிறு நிறுவனங்கள் அந்த வரம்புக்குள் வந்தால் இந்தப் பங்கை அவர்களுக்குள் பிரித்துத் தருவார்கள். பிரித்து வாங்க முடியாத பொருள் என்றால், முழு ஆர்டரையுமே சிறு நிறுவனத்துக்குத் தர விதியில் இடம் உண்டு.

இங்கேதான் சூட்சுமம். அரசு கூடுதல் விலை தருவதில்லை. சிறு நிறுவனம்தான் தன் விலையைக் குறைக்க வேண்டும். ஒரு விளக்கைச் செய்யவே ரூ.5,200 ஆகிறது என்றால், விளக்குக்கு ரூ.200 வீதம் 500 விளக்குக்கு ரூ.1 லட்சம் நஷ்டம். 'ஆர்டர் கிடைத்ததே பெரிசு' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு சப்ளை செய்ய முடியாமல் போனால் டெண்டர்களில் கலந்துகொள்ளத் தடை விதிக்கப்படும் அபாயமும் உண்டு. ஆகவே எந்த விலைக்குக் கீழே இறங்க முடியாது என்பதை டெண்டர் போடும் முன்பே கணக்குப் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

கோட்டை விடுவது எங்கே?

சான்றிதழ் இருந்தும் சலுகை மறுக்கப்படுவதற்குப் பொதுவான காரணங்கள் சில:

• வாங்கி விற்பவர்: 2021 முதல் வியாபாரிகளும் உத்யம் பதிவு செய்யலாம். ஆனால் அவர்களுக்கு வங்கிகளின் முன்னுரிமைக் கடன் பலன் மட்டுமே. கொள்முதல் சலுகை, பொருளைத் தயாரிப்பவருக்கும் சேவையைத் தருபவருக்கும்தான். அரசு மின் சந்தையான 'ஜெம்' தளத்திலும் இதே நிலைதான். அடுத்தவர் தயாரித்த பொருளை விற்பவர் விலைச் சலுகை கேட்க முடியாது.

• கட்டுமானப் பணிகள்: சாலை, கட்டடம் போன்ற வேலை ஒப்பந்தங்களுக்கு இந்தக் கொள்கை பொருந்தாது.

• தவறான தொழில் குறியீடு: உத்யம் பதிவில் தொழிலுக்கான என்ஐசி குறியீட்டைத் தேர்வு செய்ய வேண்டும். பதிவில் 'தையல்' என்று இருக்க, தெருவிளக்கு டெண்டரில் சலுகை கேட்டால் நிராகரிப்புதான் வரும். புதிய தொழில் சேர்ந்தால் பதிவிலும் திருத்தம் செய்ய வேண்டும்.

• உத்தரவாதத் தொகை: இஎம்டி-யில் விலக்கு உண்டே தவிர, ஆர்டர் கிடைத்த பிறகு கட்ட வேண்டிய ஒப்பந்த உத்தரவாதத் தொகைக்கு இந்தக் கொள்கையில் விலக்கு இல்லை. பேங்க் கேரண்டிக்கு முன்கூட்டியே வங்கியில் பேசி வைக்க வேண்டும்.

வேறு என்னென்ன சான்றிதழ்கள் உதவும்?

என்எஸ்ஐசி ஒற்றைமுனைப் பதிவு: தேசிய சிறுதொழில் கழகம் தரும் சான்று. நிறுவனத்தின் உற்பத்தித் திறனை நேரில் ஆய்வு செய்து, எவ்வளவு தொகை வரை சப்ளை செய்ய முடியும் என்ற வரம்பையும் குறிப்பிடும். இதற்குக் கட்டணம் உண்டு. சுயஉறுதிமொழியில் கிடைக்கும் உத்யம் பதிவைவிட, 'இவர்களால் செய்ய முடியும்' என்பதற்கு இது வலுவான ஆதாரம்.

ஜெட் சான்றிதழ்: குறைபாடற்ற உற்பத்தி, சுற்றுச்சூழல் பாதிப்பில்லாத உற்பத்தி என்பதற்கான தரச்சான்று. வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று நிலைகள். கட்டணத்தில் குறு நிறுவனங்களுக்கு 80 சதவீதமும், சிறு நிறுவனங்களுக்கு 60 சதவீதமும் மானியம் உண்டு.

ஸ்டார்ட்அப் அங்கீகாரம்: மத்திய அரசின் தொழில் மேம்பாட்டுத் துறை தருவது. முன் அனுபவம், விற்றுமுதல், இஎம்டி ஆகியவற்றில் தளர்வு கேட்க உதவும்.

உள்நாட்டு உற்பத்திச் சான்று: 'மேக் இன் இந்தியா' கொள்முதல் ஆணைப்படி, பொருளில் 50 சதவீதத்துக்கும் குறையாமல் உள்நாட்டு மதிப்பு இருந்தால் முதல் வகுப்பு உள்நாட்டு சப்ளையர். ரூ.10 கோடிக்கு மேற்பட்ட கொள்முதலில் இதற்கு ஆடிட்டர் அல்லது காஸ்ட் அக்கவுன்டன்ட் சான்று வேண்டும்.

டெண்டரில் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்று இருந்தால், மேலே சொன்ன எந்தச் சான்றும் அதற்கு மாற்று ஆகாது என்பதையும் மறக்கக் கூடாது.

தமிழ்நாடு அரசு டெண்டருக்கும் இதே விதியா?

இல்லை. 25 சதவீதக் கொள்கை மத்திய அரசுக்கானது. தமிழ்நாட்டில் 1998-ம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டமும், 2000-ம் ஆண்டு விதிகளும்தான் அடிப்படை. எனவே மத்திய அரசின் ஆணையைக் காட்டி மாநில டெண்டரில் சலுகை கேட்க முடியாது. அந்தந்த டெண்டர் ஆவணத்தில் சிறு நிறுவனங்களுக்கு என்ன சலுகை சொல்லப்பட்டிருக்கிறது என்று பார்த்து, அதற்கான ஆவணத்தை இணைக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம்.

ஆர்டர் முடிந்தது, பணம் வரவில்லை. என்ன செய்வது?

சிறு நிறுவனங்களை உண்மையில் நசுக்குவது இந்தக் கட்டம்தான். சரக்கு போய்ச் சேர்ந்திருக்கும், பில் மட்டும் மாதக்கணக்கில் நகராது. இங்கேயும் உத்யம் பதிவு கைகொடுக்கும்.

2006-ம் ஆண்டின் எம்எஸ்எம்இ வளர்ச்சிச் சட்டப்படி, சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து ஒப்பந்தத்தில் உள்ள தேதிக்குள் பணம் தர வேண்டும். எப்படிப் பார்த்தாலும் அது 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாந்திரக் கூட்டு வட்டி.

பணம் வராவிட்டால் வசதிப்படுத்தும் கவுன்சிலில் புகார் செய்யலாம். 2017-ல் தொடங்கப்பட்ட 'சமாதான்' தளம் வழியாக இந்தப் புகார் முறை ஆன்லைனுக்கு வந்தது. கவுன்சிலின் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்றால், முதலில் 75 சதவீதத் தொகையைக் கட்டியாக வேண்டும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஒப்பந்தம் போட்டு சப்ளையும் முடித்த பிறகு பதிவு செய்துவிட்டு, பழைய பாக்கிக்கு இந்தச் சட்டப் பலனைக் கேட்க முடியாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. பதிவு எப்போது இருக்க வேண்டும் என்ற கேள்வி 2025-ல் மீண்டும் எழுந்து பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. வழக்கு எப்படிப் போனாலும், முதல் ஆர்டருக்கு முன்பே பதிவை முடித்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

டெண்டர் போடும் முன் சரிபார்க்க வேண்டியவை

• உத்யம் பதிவில் தொழில் குறியீடு, முகவரி, பிரிவு சரியாக உள்ளதா?
• டெண்டர் மத்திய அரசுடையதா, மாநில அரசுடையதா?
• பொருள் சொந்தத் தயாரிப்பா?
• இஎம்டி விலக்கு கேட்பதற்கான சான்று இணைக்கப்பட்டுள்ளதா?
• டிஜிட்டல் கையொப்பம் காலாவதி ஆகாமல் இருக்கிறதா?
• எந்த விலைக்குக் கீழே போனால் நஷ்டம் என்ற கணக்கு தயாரா?

சான்றிதழ் செய்வது கதவைத் திறந்துவிடுவது. உள்ளே போய் ஆர்டரை எடுப்பதும், எடுத்த ஆர்டரில் நாலு காசு பார்ப்பதும் விலைக் கணக்கிலும் சரக்கின் தரத்திலும்தான் இருக்கிறது. இலவசப் பதிவை இன்றே முடிக்கலாம். டெண்டரை மட்டும் கணக்குப் பார்த்துப் போட வேண்டும்.