சனிக்கிழமை என்றொரு தாழ்வாரம்



சென்ற மாதம் நம் பங்குப் பேரவையில் ஒரு கருத்து வந்தது. கோவிலின் முன்தாழ்வாரத்தைச் சுவர் வைத்து அடைத்தால் அலுவலகத்துக்கு ஓர் அறை கிடைக்கும் என்றார்கள். நாமும் உடனே தலையாட்டிவிட்டோம். அன்றிரவு படுக்கையில் நமக்கு நினைவுக்கு வந்தது போலந்து நாட்டுக் கோவில் ஒன்று.

அந்நாட்டின் தெற்கே, கிராக்கோவ் உயர்மறைமாவட்டத்தின் மலைப்பகுதியில் டெம்ப்னோ என்ற சிற்றூர் உள்ளது. நம் திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் 1964 முதல் 1978 வரை பேராயராக இருந்து மேய்த்த மந்தையில் இந்த ஊரும் ஒன்று. அதன் பங்குக் கோவில் அதிதூதர் புனித மிக்கேலின் பெயரில் 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழும்பியது. சுவர் முழுவதும் மரம். லார்ச் என்ற ஊசியிலை மரத்தின் அடிமரங்களைச் செதுக்கி, ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடத்தி, மூலைகளில் ஒன்றையொன்று கவ்வும்படி வெட்டிப் பூட்டியிருக்கிறார்கள். பனி வழுக்கி விழ வேண்டுமே என்று கூரையைச் செங்குத்தாக இறக்கி, மெல்லிய மரப்பலகைகளை மீன் செதில்போல் அடுக்கி வேய்ந்திருக்கிறார்கள். மணிக்கூண்டு பின்னால் வந்தது, 1601இல்.

உள்ளே போனால் கண் கூசும். விதானம், சுவர், மாடத்தின் கைப்பிடிச்சுவர் என எங்கும் வண்ணம். சுமார் 1500இல் தீட்டியவை. வல்லுநர்கள் எண்ணிப் பார்த்து, எழுபதுக்கும் மேற்பட்ட வடிவங்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். எப்படி வரைந்தார்கள் தெரியுமா? நம் வீட்டுப் பெண்கள் துளையிட்ட அச்சை வைத்துக் கோலப்பொடி தூவுகிறார்களே, ஏறக்குறைய அதே முறைதான். அச்சை மரத்தின்மேல் வைத்து வண்ணம் பூச வேண்டும், எடுக்க வேண்டும், நகர்த்த வேண்டும். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1477க்கும் 1489க்கும் இடையில், கிராக்கோவ் நகரத்துச் செல்வர்கள் தங்கள் மரியன்னை கோவிலுக்கு வைட் ஸ்டோஸ் என்ற பெருஞ்சிற்பியை அழைத்து, உலகமே வியக்கும் பீடம் ஒன்றைச் செதுக்க வைத்தார்கள். மலைநாட்டு ஏழைகளுக்கு அந்த வசதி எங்கே? அவர்களுக்குக் கிடைத்தது அச்சும் தூரிகையும். ஆனாலும் நம்மைக் கேட்டால், இரண்டில் எதன் முன்னால் முழந்தாளிட மனம் எளிதாக இணங்கும் என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை.

மக்கள் பகுதிக்கும் பீடப்பகுதிக்கும் இடையே குறுக்கு உத்திரம் ஒன்று. அதன்மேல் நிற்கும் பாடுபட்ட சுரூபம் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, கோவிலைவிட மூத்தது. பழையது பாழ் என்று தூக்கி எறியாமல் புதுக்கோவிலுக்குள் சுமந்து வந்து வைத்திருக்கிறார்கள்.

இனித் தாழ்வாரத்துக்கு வருவோம். கோவிலின் வெளிச்சுவரைச் சுற்றித் தாழ்ந்த கூரையோடு ஒரு திண்ணைபோல ஓடுகிறது. அப்பகுதிகளில் பல மரக்கோவில்களுக்கு இத்தகைய தாழ்வாரம் உண்டு. பெரும்பாலும் 17ஆம் நூற்றாண்டில் சேர்த்தவை. அதற்குப் போலந்து மொழியில் 'சொபோத்தி' என்று பெயர். சொல்லின் நேர்ப்பொருள், சனிக்கிழமைகள்! மலையும் காடும் கடந்து தொலைவிலிருந்து நடந்து வருகிறவர்கள் ஞாயிறு காலைத் திருப்பலியைத் தவறவிடக்கூடாது என்று சனி மாலையே வந்து சேர்ந்து, இரவு அதன் அடியில் படுத்துக்கொள்வார்களாம். சனி மாலைத் திருப்பலி என்ற சலுகை அன்று கிடையாது. நற்கருணை வாங்குகிறவர் நள்ளிரவு முதல் தண்ணீரும் குடிக்கக்கூடாது. பசித்த வயிறோடு, குளிரில், மரச்சுவரில் முதுகு சாய்த்து விடியலுக்குக் காத்திருந்த அந்தக் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள்.

அடிமரங்கள் மழையில் நனைந்து உளுத்துப்போகாமல் காப்பதற்காகவே இந்தத் தாழ்வாரம் என்று கட்டடக்கலை அறிந்தவர்கள் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் மக்கள் அதற்குப் பெயர் வைத்தபோது மழையை நினைக்கவில்லை, வழிநடந்து வந்தவர்களை நினைத்தார்கள்.

2003இல் யுனெஸ்கோ நிறுவனம் அப்பகுதியின் ஆறு மரக்கோவில்களை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. டெம்ப்னோ அவற்றுள் ஒன்று. மற்றொன்று செங்கோவா என்ற ஊரில், புனித பிலிப்பு, யாக்கோபு பெயரில் உள்ளது. அதன் தாழ்வாரம் மிக அகலம். தாய்க்கோழி சிறகு விரித்து அமர்ந்ததுபோல் இருக்கும். முதல் உலகப்போரில் போர்முனை அதன் வாசலுக்கே வந்தது. குளிருக்கு விறகு வேண்டும், பதுங்குகுழிக்குப் பலகை வேண்டும் என்று படைவீரர்கள் கோவில் மரத்தையே பிய்த்தெடுத்தார்கள். போர் முடிந்தபின் அதைப் பழுதுபார்த்து நிமிர்த்தினார்கள். அருகிலுள்ள லிபூஷா கோவிலுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. 1986இல் தீக்கிரையானது. அரும்பாடுபட்டு மீண்டும் எழுப்பி வந்த வேளையில், 2016இல் மறுபடியும் எரிந்தது. மரம் அப்படித்தான், ஒரே இரவு போதும்.

டெம்ப்னோவில் இன்றும் திருப்பலி நடக்கிறது. சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள், பூசை நேரத்தில் வெளியே காத்திருக்கிறார்கள். அவர்கள் நிற்பதும் அந்தச் 'சனிக்கிழமை'யின் நிழலில்தான்.

நம் தாழ்வாரத்தில் திருவிழா நாள்களில் யார் படுத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கிளைக்கிராமத்து மக்கள், கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவர்கள், கைக்குழந்தையோடு வந்த தாய்மார்கள். அலுவலகத்துக்கு அறை வேண்டியதும் மெய்தான், கணக்குப் புத்தகங்கள் நம் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கின்றன. வரும் ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் பேரவை மறுபடி கூடுகிறது. இம்முறை கிளைக்கிராமங்களிலிருந்தும் ஆள்கள் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம்.