எவர் வாக்கால் வென்றார்?

பல இனத்தார் கூடி வாழும் நாட்டில், ஒருவர் வென்றார் என்பதினும் எவர் வாக்கால் வென்றார் என்பதே பெரிதாகும். கோலாலம்பூர் இதனை 1952 பிப்ரவரியில் கண்டது. நகராண்மைக் கழகத்தின் 12 இடங்களுக்குத் தேர்தல் நடந்தது. எல்லா இனத்தாரையும் ஒரே கட்சியில் சேர்க்க முனைந்த டத்தோ ஓன் ஜாபாரின் மலாயா சுதந்திரக் கட்சியை ம.இ.கா. ஆதரித்தது. பிரிக்பீல்ட்ஸை அடுத்த பங்சாரில் அக்கட்சியின் சார்பில் திருமதி தேவகி கிருஷ்ணன் வென்றார். எனினும் கட்சிக்குக் கிடைத்தவை 2 இடங்களே. தனித்தனிக் கட்சிகளாகவே இருந்து, போட்டியிடும் இடங்களைப் பங்கிட்டுக்கொண்ட அம்னோவும் மலாயாச் சீனர் சங்கமும் 9 இடங்களைப் பெற்றன.

மிகுந்த வாக்குப் பெற்றவரே வெல்லும் முறையில், சிதறி வாழும் சிறுபான்மையினர் தம் வாக்கை மட்டும் நம்பி வெல்லுதல் அரிது. ம.இ.கா.வும் பின்னர்க் கூட்டணியிற் சேர்ந்தது. 1955 பொதுத்தேர்தலில் வாக்காளருள் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் மலாய்க்காரர். ஆயினும் கூட்டணி வென்ற 51 இடங்களுள் 17 இடங்களைச் சீனரும் இந்தியரும் பெற்றனர். 1959இல் கிள்ளானில் வெ. மாணிக்கவாசகம் வென்றதும் இவ்வழியிலேயே.

இதற்கு விலையும் உண்டு. வேட்பாளர் யார் என்பதை வாக்காளர் முடிவு செய்வதில்லை. தலைவர்களின் உடன்பாடே முடிவு செய்யும். 1961இல் தலைநகர் கமிஷனரின் நிருவாகத்திற்குச் சென்றபின், நகராண்மைத் தேர்தலும் நின்றது. பிறர் வாக்கைப் பெறும் வழி திறந்தது. பிரிக்பீல்ட்ஸ்வாசி தன் நகருக்கென வாக்களிக்கும் பெட்டியோ மறைந்தது.