மாண்ட ஆறும் வாழும் நீரும்



தொழில் நிமித்தம் கல்கத்தாவில் குடியேறிய நம்மவர், அங்காடியிலே பூக்கோசும் கீரையும் வாங்குகின்றனர். அவை எங்கே விளைந்தன என்று வினவியவர் சிலரே. அவற்றுள் ஒரு பகுதி, நாம் முகஞ்சுளித்து ஒதுக்கிய சாக்கடை நீரில் விளைந்தது. அந்நீரைத் தூய்மையாக்குவோர், நகரின் கிழக்கெல்லையில் வாழும் எளிய மீனவரும் உழவருமே ஆவர்.

கல்கத்தாவில் ஹூக்ளி நதியின் கரை மேடு. நிலம் கிழக்கு நோக்கிச் சரிகின்றது. ஆகவே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமைந்த நிலத்தடிக் கால்வாய்கள் நகரின் கழிவைக் கிழக்கேயுள்ள உப்பேரிகளின் பக்கம் செலுத்தின. அப்பக்கத்தில் ஓடிய வித்யாதரி, கடலின் ஏற்றவற்றத்தால் உயிர்த்திருந்த ஆறு. நாளடைவில் அது வண்டலால் தூர்ந்தது. 1928ஆம் ஆண்டில் அது மாண்ட ஆறென்றே அறிவிக்கப்பட்டது. உவர்நீர் வரத்து நின்றது; அதை நம்பியிருந்த மீன்களும் மறைந்தன.

பிழைப்பு அற்றுப்போகும் அவ்வேளையில், 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், சிலர் துணிந்து சாக்கடை நீரையே ஏரிகளில் பாய்ச்சி மீன் வளர்க்கத் தலைப்பட்டனர். பின்னர் நகரின் கழிவு குல்ட்டி ஆற்றுக்குச் செல்லக் கால்வாய் வெட்டப்பட்டபோது, வழியிலிருந்த ஏரிகளுக்கு நீர் பெறுவது எளிதாயிற்று.

‘பேரி’ எனப்படும் இவ்வேரிகள் ஆழமற்றவை. குளிர்காலத்தில் நீரை வடித்து, அடிநிலத்தை வெயிலில் காயவிடுவர். பிறகு கழிவுநீரை அளவோடு விட்டு, அது தெளியும் வரை காத்திருப்பர். கதிரவன் ஒளியில் பாசி வளர்ந்து நீருக்குப் பிராணவாயுவை ஈகின்றது. அதன் துணைகொண்டு நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கின்றன. பாசியை மீன் உண்கின்றது. கரையோரம் கட்டி வைத்த ஆகாயத்தாமரை, அலை கரையை அரிக்காமல் காக்கின்றது. ஏரியினின்று வெளிப்படும் நீர் நெல்வயலுக்குப் போகின்றது. எந்திரம் செய்ய வேண்டிய வேலையைக் கதிரவனும் பாசியும் மீனும் செய்துவிடுகின்றன. நீரின் நிறமும் மணமும் பார்த்து மதகைத் திறக்கவும் அடைக்கவும் வல்ல மனிதரே இவ்வாலையின் பொறியாளர்.

ஆயினும், புறம்போக்கான சதுப்பு நிலமென்றே பலர் இதனைக் கருதினர். 1962ஆம் ஆண்டு முதல், ஹூக்ளியின் மணலைக் குழாய் வழியே கொணர்ந்து உப்பேரியின் ஒரு பகுதியைத் தூர்த்துப் புதுநகரம் எழுப்பினர். எஞ்சிய பகுதியின் அருமையை உலகறியச் செய்தவர் அரசுப் பொறியாளராயிருந்த துருபஜோதி கோஷ். 1980களில் அவர் கல்கத்தாவின் கழிவு எங்கே போகின்றதெனத் தேடிச் சென்று, மீனவரிடமே பாடம் கேட்டார். 1992இல் உயர்நீதிமன்றம் இந்நிலத்தை வேறு பயனுக்கு மாற்றத் தடை விதித்தது. 2002இல் ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் பரப்பு, ராம்சர் உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்றது. 2006இல் மாநிலச் சட்டமும் பிறந்தது.

சட்டம் இருந்தும் கவலை தீர்ந்தபாடில்லை. நிலத்தின் விலை ஏற ஏற ஏரிகள் தூர்க்கப்படுகின்றன. தோல் பதனிடும் தொழிலின் நச்சுக் கழிவைப் பாசியும் மீனும் செரிக்கமாட்டா. ஏரி ஒன்று தூர்ந்தால் நீரோடு போவது மீன் மட்டுமன்று. மூன்று நான்கு தலைமுறை சேர்த்த அறிவும் உடன் போகின்றது. ஆறு மாண்டபோது அம்மக்கள் மாற்று வழி கண்டனர். ஏரியும் மாண்டால், அந்நகருக்கு மாற்று வழி காட்டுவார் யார்?