மூளை முடக்குவாதத்திற்கான இயன்முறை மருத்துவம்: சிகிச்சையாளரின் கையிலிருந்து குழந்தையின் முயற்சிக்கு

கருவிலோ, பிறக்கும்போதோ, பிறந்த தொடக்க ஆண்டுகளிலோ மூளைக்கு நேரும் பாதிப்பால் அசைவும் உடலை நிலைநிறுத்தும் திறனும் குலைவதே மூளை முடக்குவாதம். மூளையில் நேர்ந்த பாதிப்பு பின்னர் பெருகுவதில்லை. ஆனால் தசை குறுகுவதும், எலும்பு முறுகுவதும், இடுப்பு மூட்டு விலகுவதும் குழந்தை வளர வளரக் கூடக்கூடும். இயன்முறை மருத்துவம் இதில் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் ஒரு விடை சொன்னது. அவற்றுள் பல ஒன்றையொன்று மறுப்பவை. கோட்பாடுகள் எத்தனை வந்தபோதும், சிகிச்சையின் திசை உறுதியாகத் திரும்பியது குழந்தையின் இயக்கத்தை நம்பகமாக அளக்கக் கற்ற பிறகே என்பது இக்கட்டுரையின் வாதம்.

அறுவையும் கேலிப்பரும்

இத்துறையின் தொடக்கம் எலும்பு மருத்துவத்தில் இருக்கிறது. லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் சிறுவயதிலேயே பாதம் வளைந்தவர். 1836இல் ஜெர்மனியில் லூயிஸ் ஸ்ட்ரோமயர் செய்த தசைநாண் அறுவையால் குணமடைந்து திரும்பிய அவர், அதே சிகிச்சையைத் தம் நாட்டில் பரப்பினார். கடினமான பிரசவத்துக்கும் குழந்தையின் கைகால் இறுக்கத்துக்கும் உள்ள தொடர்பை 1861இல் அவர் விளக்கியபின், இந்நிலை நெடுங்காலம் ‘லிட்டில் நோய்’ என்றே வழங்கியது. கடினப் பிரசவமே கருவில் முன்பு நேர்ந்த கோளாற்றின் விளைவாக இருக்கலாம் என்று சிக்மண்ட் ஃப்ராய்ட் 1897இல் எழுதினார். காரணம் பற்றிய பார்வை இவ்வாறு விரிந்தபோதும் சிகிச்சை தசைநாண் அறுவையிலும் கட்டைவைத்துக் கட்டுவதிலுமே நின்றது.

அமெரிக்காவில் வின்த்ராப் ஃபெல்ப்ஸ் இதை மாற்ற முயன்றார். 1937இல் மேரிலாந்தில் இக்குழந்தைகளுக்கென்றே மறுவாழ்வு நிலையம் தொடங்கி, தசை தசையாகச் சோதித்துப் பயிற்சி அளித்தார். வேண்டாத அசைவைக் கேலிப்பர் எனும் தாங்குசட்டங்களால் தடுத்தார். தசை தசையாகப் பார்ப்பது போலியோவுக்குப் பொருந்திய முறை. போலியோவில் குறிப்பிட்ட தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழிகின்றன. மூளை முடக்குவாதத்தில் குலைவது பல தசைகளை ஒருங்கிணைக்கும் கட்டுப்பாடு. ஆகவே அந்த முறை பாதி வழியே பயன்பட்டது.

கோட்பாடுகளின் காலம்

நாஜி ஜெர்மனியிலிருந்து லண்டனுக்குத் தப்பிவந்த பெர்டா போபத், 1940களில் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட ஓவியர் சைமன் எல்வஸுக்குச் சிகிச்சை அளித்தார். உடலைக் குறிப்பிட்ட நிலைகளில் வைக்கும்போது தசை இறுக்கம் தளர்வதை அப்போது அவர் கவனித்தார். கணவர் கரேல் போபத் அதற்கு நரம்பியல் விளக்கம் தந்தார். பிறழ்ந்த அனிச்சைகளை அடக்கினால் இயல்பான அசைவு வெளிப்படும் என்பது அவர்கள் கருத்து. எடைதூக்கிப் பயிற்சி செய்தால் இறுக்கம் கூடும் என்றும் நம்பினார்கள். இந்த நம்பிக்கை உலகெங்கும் இயன்முறைக் கல்லூரிகளில் ஒரு தலைமுறைக்கு மேல் நிலைத்தது.

ஹங்கேரியின் அன்ட்ராஷ் பெட்டோ வேறு வழியில் போனார். புடாபெஸ்டில் அவர் அமைத்த முறையில் குழந்தைகள் குழுவாக அமர்ந்து, செய்யப்போகும் அசைவைத் தாங்களே வாய்விட்டுச் சொல்லி, எண்ணி, செய்தார்கள். மருத்துவத்தைவிடக் கல்வியாகவே அவர் இதைக் கருதினார். செக் நாட்டின் வாட்ஸ்லாவ் வோய்ட்டா, உடலின் சில புள்ளிகளை அழுத்தி, உள்ளுறைந்த தவழும் அசைவுகளைத் தூண்டலாம் என்றார். பிலடெல்பியாவில் டோமன், டெலகாட்டோ இருவரும் பலர் சேர்ந்து குழந்தையின் கைகாலையும் தலையையும் நாள்தோறும் பலமுறை அசைத்துவிடும் முறையைப் பரப்பினர். குடும்பத்தின் நாளையே விழுங்கிய இம்முறைக்குச் சான்று இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் திரும்பத் திரும்ப எச்சரித்தது.

இவை அனைத்திலும் ஒரு குறை பொதுவாக இருந்தது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையும் வளர்கிறது. சிகிச்சை இல்லாமலும் சில திறன்களைப் பெறுகிறது. அந்த வளர்ச்சியையும் சிகிச்சையின் பலனையும் பிரித்தறியும் வழி இல்லாததால், குழந்தை உட்கார்ந்ததையும் நடந்ததையும் ஒவ்வொரு முறையாரும் தம் வெற்றியாகவே எண்ணினர்.

அளவுகோல் வந்தபின்

1988இல் வெளியான ஓர் ஆய்வு இந்த உறுதியைக் குலைத்தது. பாமரும் குழுவினரும் இரு கால்களிலும் இறுக்கம் மிகுந்த 48 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தனர். ஒரு பிரிவுக்கு 12 மாதமும் போபத் வழி இயன்முறை. மற்றதற்கு முதல் 6 மாதம் அறிவும் மொழியும் புலனும் வளர்க்கும் விளையாட்டுகள், அடுத்த 6 மாதம் இயன்முறை. ஓராண்டு முடிவில் முதல் பிரிவில் 36 விழுக்காட்டினரும் இரண்டாம் பிரிவில் 73 விழுக்காட்டினரும் நடந்தனர். இயன்முறை வீண் என்று இதற்குப் பொருளில்லை. இரண்டாம் பிரிவும் அதைப் பெற்றது. ஆனால் எந்த முறையும் சோதனைக்கு உட்பட்டே தீர வேண்டும் என்பது உறுதியாயிற்று.

சோதனைக்கு வேண்டிய கருவிகள் கனடாவில் உருவாயின. படுத்துப் புரளுவது முதல் ஓடித் தாவுவது வரை பல செயல்களை மதிப்பிடும் அளவை 1989இல் வந்தது. 1997இல் பாலிசானோவும் குழுவினரும் இயக்கத் திறனை ஐந்து நிலைகளாக வகுத்தனர். முதல் நிலைக் குழந்தை துணையின்றி நடக்கும். ஐந்தாம் நிலைக் குழந்தையைச் சக்கர நாற்காலியில் பிறர் தள்ளிச் செல்ல வேண்டும். 657 குழந்தைகளைத் தொடர்ந்து மதிப்பிட்டு ரோசன்பாமும் குழுவினரும் 2002இல் ஒவ்வொரு நிலைக்கும் வளர்ச்சிக் கோடு வரைந்தனர். முதல் நிலையில் ஏறத்தாழ 5 வயதிலும், ஐந்தாம் நிலையில் 3 வயதுக்கு முன்பாகவும், குழந்தை தன் இயக்கத் திறனின் 90 விழுக்காட்டை அடைந்துவிடுகிறது. ‘என் பிள்ளை நடக்குமா?’ என்று தாய் கேட்கும்போது, மழுப்பாமல் நேர்மையாக விடை சொல்ல இதனால் முடிந்தது.

செயலே பயிற்சி

அளவுகோல் கையில் இருந்ததால் பழைய தடைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. வலுவூட்டும் பயிற்சி இறுக்கத்தைக் கூட்டுவதில்லை, தசைபலத்தையே கூட்டுகிறது என்று 1990களில் டயான் டமியானோ காட்டினார். பயன்படுத்தாமல் விட்டே பழகிப்போன கையைப் பற்றி எட்வர்ட் டாப் குரங்குகளிடம் கண்டது, ஒருபக்க வாதமுள்ள குழந்தைகளின் நல்ல கையைச் சில வாரம் கட்டிவைத்து மற்றக் கைக்கு வேலை தரும் சிகிச்சையாக வளர்ந்தது. நெதர்லாந்தில் 2001இல் வெளியான ஆய்வில், அசைவைச் சீராக்குவதைவிட அன்றாடச் செயல்களையே பழக்கியபோது குழந்தைகளின் அன்றாடத் திறன் கூடுதலாக வளர்ந்தது. சான்றுகளைத் தொகுத்து அயோனா நோவக்கும் குழுவினரும் 2013இலும் 2020இலும் வெளியிட்ட மதிப்பீடுகள் இந்தப் போக்கை உறுதிசெய்தன. குழந்தை தானாகச் செய்யும் அசைவு, வாழ்வில் உண்மையிலேயே தேவைப்படும் செயல், தானே விரும்பிய இலக்கு, போதிய அளவு பயிற்சி ஆகியவை பலன் தருகின்றன. பிறர் கைகாலை அசைத்துவிடுவது இயக்கத் திறனை வளர்ப்பதில்லை.

இந்த முடிவு நம் ஊர்களுக்கு நேரடியாகப் பொருந்துகிறது. வாரத்தில் சில நாள் பேருந்தேறி மருத்துவமனைக்குக் குழந்தையைச் சுமந்து செல்லும் தாய்க்கு, சோறு உண்பதும் சட்டை மாட்டுவதும் பயிற்சியே என்று தெரிவது பெரிய விடுதலை. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981இல் ச. ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம், மறுவாழ்வுப் பணியாளர்களைக் குழந்தைகளின் வீட்டுக்கே அனுப்பிப் பெற்றோரோடு சேர்ந்து இலக்குகளை வகுக்கிறது. சான்றுகள் காட்டும் வழி நம்மிடமும் நடைமுறையில் இருக்கிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஆகவே இன்று சிகிச்சை தேடும் குடும்பம் முறையின் பெயரைக் கேட்பதோடு நிற்காமல் மூன்றைக் கேட்க வேண்டும்: இலக்கு எது, அதைத் தேர்ந்தது யார், முன்னேற்றத்தை எப்படி அளக்கப் போகிறீர்கள். இவற்றுக்கு விடை சொல்ல முடியாத சிகிச்சை, திரும்பக் கிடைக்காத குழந்தைப் பருவத்தைச் செலவழிக்கிறது. விடை சொல்லும் கடமை ஒவ்வொரு சிகிச்சையாளருக்கும் உண்டு.