மகளின் சொத்துரிமையும் குடும்ப வழக்கறிஞரின் தொடர்கல்வியும்

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளை மகனைப் போலப் பிறப்பால் பங்காளியாக ஏற்கவில்லை. தமிழ்நாடு 25.03.1989 முதல் அவ்வுரிமையை வழங்கியது. ஆனால் அந்நாளுக்கு முன் மணமானவர்களுக்கு அது கிடைக்கவில்லை. 09.09.2005 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தச் சட்டம் இவ்வேறுபாட்டை நீக்கியது.

அதன் பின்னரும் குழப்பம் தீரவில்லை. அந்த 2005ஆம் ஆண்டு நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டும் என்று பிரகாஷ் எதிர் பூலாவதி வழக்கில் (2015) உச்ச நீதிமன்றம் கூறியது. தானம்மா வழக்கின் தீர்ப்போ (2018), 2001இலேயே தந்தையை இழந்த மகள்களுக்கும் பங்கு அளித்தது. இறுதியில் 11.08.2020 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, இவ்வுரிமை பிறப்பால் வருவது, தந்தை உயிருடன் இருந்திருக்கத் தேவையில்லை என்று தெளிவுபடுத்தியது. 20.12.2004க்கு முன் முறைப்படி முடிந்த பாகப்பிரிவினை, விற்பனை ஆகியவற்றை இது மாற்றாது.

1989க்கு முன் மணமாகி, 2005க்கு முன் தந்தையை இழந்த ஒரு பெண்ணிடம் "மகனுக்குச் சமமான பங்கு உங்களுக்கு இல்லை" என்று 2016இல் ஒரு வழக்கறிஞர் சொல்லியிருந்தால், அன்றைய தீர்ப்பின்படி அது சரியே. நான்கே ஆண்டுகளில் அது தவறாகிவிட்டது. உள்ளூர் நீதிமன்றங்களில் குடும்ப வழக்கு நடத்துவோர் புதிய தீர்ப்புகளைத் தொடர்ந்து படிக்காவிட்டால், இழப்பு கட்சிக்காரருக்கே.